“அந்த வினா எழவில்லை”

கேள்வி நேரத்தை நேரலையில் பார்ப்பதைவிட, அன்றைய எழுத்துப்பூர்வப் பதில்களை மக்களவை, மாநிலங்களவை இணையதளங்களில் தேடி எடுத்துப் படிப்பதில்தான் எனக்குச் சில ஆண்டுகளாக ஆர்வம். கூச்சலும் மேசைத் தட்டலும் இல்லாத அந்தத் தாள்களில் மழுப்பலின் கைத்திறன் தெளிவாகத் தெரியும். பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்கிறவர்கள் என்று அமைச்சர்களைக் கேலி செய்வது நம் வழக்கம். அது கற்றுக்குட்டிகள் செய்கிற வேலை. தேர்ந்த அமைச்சர் பட்டுக்கோட்டைக்கே வழி சொல்வார்; ஆனால் கேட்டவர் எழுதிக் கொடுத்த சொற்களுக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு மட்டும் சொல்லிவிட்டு, முதல் திருப்பத்திலேயே நிறுத்திக்கொள்வார்.

அவையில் தெரிந்தே பொய் சொன்னால் உரிமை மீறல் பிரச்சினை வரும். அதனால் பொய்யும் சொல்லாமல், கேட்டதையும் கொடுத்துவிடாமல் எழுதுகிற ஒரு நடையை அமைச்சகங்கள் பல ஆண்டுகளாகப் பழகி வைத்திருக்கின்றன. அதற்கு அவகாசமும் உண்டு. உறுப்பினர் குறைந்தது 15 நாள் முன்னதாகவே வினாவை எழுதிக் கொடுத்தாக வேண்டும். குலுக்கலில் தேறுபவற்றில் மக்களவையில் நாளொன்றுக்கு 20 வினாக்கள் நட்சத்திரக் குறியிட்டு வாய்மொழிப் பதிலுக்கும், 230 வரை எழுத்துப்பூர்வப் பதிலுக்கும் போகின்றன. பதிலின் வரைவு பிரிவு அலுவலரின் மேசையில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு சொல் கூடியோ குறைந்தோ அமைச்சரின் கையெழுத்துக்கு வந்து சேரும்போது, அதில் தற்செயலாக அமைந்த சொல் என்று ஒன்றுகூட இருக்காது.

2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவைக்குச் சுகாதார அமைச்சகம் தந்த பதிலை இந்தக் கலையின் உச்சம் என்று நான் நினைக்கிறேன். கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் தட்டுப்பாட்டால் ஏராளமானோர் சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்தது உண்மையா என்பது கேள்வி. சுகாதாரம் மாநிலப் பொருள்; இறப்புகளைத் தெரிவிப்பதற்கு விரிவான வழிகாட்டுதல்கள் கொடுக்கப்பட்டுள்ளன; மாநிலங்கள் அவற்றின்படியே எண்ணிக்கையை அனுப்பி வருகின்றன; ஆனால் ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்தது என்று குறிப்பாக எந்த இறப்பும் மாநிலங்களாலோ ஒன்றியப் பகுதிகளாலோ தெரிவிக்கப்படவில்லை என்பது பதில். மறுநாள் எதிர்க்கட்சிகள் “யாருமே இறக்கவில்லையாம்” என்று கொதித்தன. அமைச்சர் பாரதி பிரவீண் பவாரின் பதில் அப்படிச் சொல்லவேயில்லை. அதன் பாரம் முழுவதும் “குறிப்பாக”, “தெரிவிக்கப்படவில்லை” என்ற இரண்டு சொற்களின் மீதே இருந்தது. இறப்புச் சான்றிதழில் நோயின் பெயர் எழுதப்படுமே தவிர, நள்ளிரவில் சிலிண்டர் தீர்ந்துபோன சேதி எழுதப்படாது. எழுதப்படாத ஒன்றை மாநிலம் அனுப்பாது. அனுப்பாத ஒன்று தில்லியில் இருக்காது. சில மாதங்களுக்கு முன்புதான் தில்லி மருத்துவமனைகள், கையிருப்பு இன்னும் சில மணி நேரத்துக்கே வரும் என்று உயர் நீதிமன்றத்தில் முறையிட்டு நின்றன. அதே பதிலில், முதல் அலையில் 3,095 டன்னாக இருந்த நாட்டின் உச்சத் தேவை இரண்டாம் அலையில் ஏறத்தாழ 9,000 டன்னாக உயர்ந்தது என்ற கணக்கு மட்டும் துல்லியமாக இருந்தது. கேட்ட எண் இல்லாத இடத்தில் கேட்காத எண்ணைக் கொட்டி நிரப்புவதும் இந்த நடையின் இலக்கணம்தான்.

மற்ற உத்திகள் இத்தனை நுட்பமானவை அல்ல. “தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையின் முன் வைக்கப்படும்” என்பது ஒன்று. அப்படிச் சொன்னால் அது உறுதிமொழியாகிவிடும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அதைக் கண்காணிக்க அரசின் உறுதிமொழிகளுக்கான குழு ஒன்று இருக்கிறது. ஆனால் மூன்று மாதத்தில் செய்தித்தாள்கள் வேறு பக்கம் போயிருக்கும். நம் சட்டப்பேரவையில் காலங்காலமாக ஒலிக்கும் “நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்”, “ஆவன செய்யப்படும்” ஆகியவையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். “ஆவன” என்ற சொல்லை அந்த அவைக்கு வெளியே நான் அதிகம் கேட்டதில்லை.

வாய்மொழிப் பதிலில் நிலைமை சற்று மாறும், ஏனென்றால் அங்கே துணைக் கேள்வி உண்டு. முதன்மைப் பதிலை “அறிக்கை அவையின் மேசையில் வைக்கப்படுகிறது” என்ற ஒரு வரியில் அமைச்சர் கடந்துவிட்டாலும், அடுத்து வரும் கேள்வியை அவர் நின்றபடியே எதிர்கொள்ள வேண்டும். அங்கும் “தனியாக அறிவிப்பு கொடுத்தால் பதில் தரப்படும்” என்ற கேடயம் இருக்கிறது. உறுப்பினர் தன் தொகுதிப் பெருமை, தன் தலைவரின் புகழ், நடுவே மூன்று கேள்விகள் என்று இரண்டு நிமிடம் பேசினால், அந்த மூன்றில் எளிதானதை அமைச்சர் எடுத்துக்கொள்வார். மழுப்பலுக்கு அமைச்சரை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லாமல் போவது இங்கேதான்.

ஒரே கேள்வியை விடாமல் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரே சாட்சி. 1957 செப்டம்பரில், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் ஒரு தனியார் தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளில் போடப்பட்டதா என்று ராம் சுபாக் சிங் மக்களவையில் கேட்டபோது, நிதியமைச்சகத்திடமிருந்து நேரான பதில் வரவில்லை. நிதியமைச்சர் சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி, கூர்மையான நாக்குக்குப் பெயர் பெற்றவர். டிசம்பர் 16 அன்று, ஆளுங்கட்சி உறுப்பினரும் பிரதமர் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தி எழுந்தார். அந்தத் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய் எப்படிப் போனது என்பதை விலையோடும் தேதியோடும் அடுக்கியதால், பொதுவாகப் பேசித் தப்பிக்க அங்கே இடமில்லாமல் போனது. அடுத்து வந்த நீதிபதி எம். சி. சாக்ளா விசாரணையில், நிதியமைச்சகச் செயலாளர் எச். எம். படேல் அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் செய்தது என்பதே டி.டி.கே.யின் நிலைப்பாடு. செயலாளர் செய்தாலும் அமைச்சரே பொறுப்பு என்று சாக்ளா சொல்லிவிட்டார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார்.

இப்போது பெரோஸ் காந்தியைப் போலக் கேட்க வாய்ப்பே இல்லாத கூட்டத்தொடர்களும் வருகின்றன. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரம் நிறுத்தப்பட்டு, எழுத்துப்பூர்வப் பதில்கள் மட்டுமே தரப்பட்டன. ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்கள் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டா என்று கேட்டதற்கு, செப்டம்பர் 14 அன்று தொழிலாளர் அமைச்சகம் அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்றது. ஆகவே இழப்பீடு பற்றிய வினா எழவில்லை என்றது. ஊர் திரும்பியோர் ஒரு கோடிக்கும் மேல் என்ற கணக்கு மட்டும் அந்த அமைச்சகத்திடம் மாநில வாரியாக இருந்தது.

அதே வாரத்தில் மாநிலங்களவையில் திரிணாமுல் காங்கிரஸ் உறுப்பினர் டெரிக் ஓ பிரையன், புலம்பெயர் தொழிலாளர்கள் ஊர் திரும்ப விடப்பட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று ரயில்வே அமைச்சகத்திடம் கேட்டிருந்தார். செப்டம்பர் 9 வரை 97 பேர் என்று பதில் வந்தது. தொழிலாளர் அமைச்சகத்தில் இல்லாத தரவு ரயில்வேயிடம் இருந்தது. வழியெங்கும் என்று கேட்காமல் ரயிலில் என்று கேட்டதால் அது வெளியே வந்தது. அந்தப் பதிலும் கொடுத்த கையோடு ஒன்றை மூடிக்கொண்டது: 87 உடல்கள் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன, 51 அறிக்கைகள் வந்துள்ளன, அவற்றின்படி காரணங்கள் மாரடைப்பு, மூளை ரத்தக்கசிவு, ஏற்கெனவே இருந்த நாள்பட்ட நோய்கள். மே மாத வெயிலைப் பற்றியோ, தண்ணீர் கிடைக்காத பெட்டிகளைப் பற்றியோ அதில் ஒன்றுமில்லை. வராத 36 அறிக்கைகளைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால், இன்னொரு அறிவிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு 15 நாள் காத்திருக்க வேண்டும். கூட்டத்தொடர் செப்டம்பர் 23 அன்றே முடித்துக்கொள்ளப்பட்டது. குளிர்காலக் கூட்டத்தொடர் நடக்கவேயில்லை. அவை மீண்டும் கூடியது 2021 ஜனவரி 29 அன்று.