பிழை டர்போவில் இல்லை, ரிட்டர்ன் லைனில்

மூன்று மாதமும் இரண்டு டர்போவும் செலவழிந்த பிறகு, போன ஞாயிற்றுக்கிழமைதான் என் டொயோட்டா ஸ்டார்லெட் கார் புகை விடாமல் கொழும்பு காலி வீதியில் ஓடியது. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) இல்லாத காரில் அதைப் பொருத்த நினைக்கிற யாராவது என்னைப் போல 85,000 ரூபாயை வீணாக்கக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வண்டியின் மொடல் இபி82. டர்போ இல்லாத 4இ-எஃப்இ எஞ்சின், 1331 சிசி. 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு கொழும்பில் பழைய கார்களுக்குக் கேட்ட விலை எல்லோருக்கும் தெரியும். வேறு வண்டி வாங்குவதை விட்டுவிட்டு, இருப்பதையே நன்றாக்குவோம் என்று முடிவெடுத்தேன். இதே குடும்பத்தில் டர்போவோடு வந்தது 4இ-எஃப்டிஇ. அதன் மெனிபோல்ட், சிடி9 டர்போ, இன்ஜெக்டர், இசியு (எஞ்சினை இயக்கும் கணினி), மேப் சென்சர் (காற்றழுத்தத்தை அளப்பது) எல்லாம் கொழும்பின் பழைய உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். எனக்கு இரண்டு சனிக்கிழமை எடுத்தது.

பழைய டர்போ வாங்குகிறவர்கள் ஷாஃப்ட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது பிழையில்லை. ஒயில் வந்தால் அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். ஆனால் முன்னும் பின்னும் இழுத்தால் அசையவே கூடாது. விசிறி இதழ்கள் சுவரில் உரசிய கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பொருத்திச் சரிபார்க்கத் தரும் செக்கிங் வாரண்டி எத்தனை நாள் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நான் வாய்ச்சொல்லை நம்பி, அதிலும் அடிபட்டேன்.

பொருத்தும் வேலை நான்கு நாளில் முடிந்தது. ஸ்டார்ட் பண்ணியதும் அந்த விசில் சத்தம் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது உண்மை. ஆனால் அந்தச் சந்தோஷம் வெள்ளவத்தை சிக்னல் வரைக்கும்தான். சிவப்பில் ஒரு நிமிடம் நின்று பச்சையில் எடுத்தேன், பின்கண்ணாடி முழுக்க நீலப் புகை. பின்னால் நின்ற முச்சக்கர வண்டிக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே விலகிப் போனார். ஒயில் எரிகிற மணம் காருக்குள்ளேயே வந்தது.

கராஜுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். பொனெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "டர்போ போயிட்டு தம்பி, சீல் அவுட். வேற ஒண்டு கொண்டு வாங்க" என்று சொன்னார்கள். விற்ற கடையில் வாரண்டி முடிந்துவிட்டது என்றார்கள். சரி என்று வேறொரு கடையில் 85,000 ரூபாய் கொடுத்து இன்னொன்று வாங்கினேன். பொருத்திய அன்றே, அதே சிக்னலில், அதே புகை. இரண்டு டர்போவும் ஒரே மாதிரியா பழுதாகும் என்று கேட்டேன். "பழைய சாமான் அப்பிடித்தான்" என்ற பதிலோடு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார் கராஜ் பாஸ். இதற்கிடையில் புகைப் பரிசோதனைக்கும் போய் ஃபெயில். ஹைட்ரோகார்பன் அளவு கூட. அந்தச் சீட்டு இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. அதற்குத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

வழி காட்டியது மருதானையில் லேத் வேலை செய்கிற ஒரு நானா. வேறொரு பிராக்கெட் கடையப் போன இடத்தில் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ரிட்டர்ன் லைன் எப்பிடிப் போகுது?"

டர்போவிலிருந்து ஒயில் திரும்பிப் போகும் குழாயைத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வாசலிலேயே காரை ஜக்கில் ஏற்றினார். டர்போவின் அடியிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் கீழே தொங்கி, பிறகு மேலேறி, எஞ்சினின் அடியில் ஒயில் தங்கும் தொட்டியான சம்ப்பில் போய்ச் சேர்ந்திருந்தது. நடுவில் அது தொங்கிய இடத்தை விரலால் அமுக்கிக் காட்டினார், உள்ளே ஒயில் தேங்கிக் குளுக் என்றது. அதோடு சம்ப்பில் ஹோஸ் சேரும் வாயை ஒயில் மட்டத்துக்குக் கீழே வெல்ட் பண்ணியிருந்தார்கள். பிளேஞ்சைக் கழற்றியபோது இன்னொன்று தெரிந்தது. கசியக் கூடாது என்று கஸ்கட்டுக்கு அள்ளிப் பூசிய சிவப்பு சிலிக்கோன் உள்ளே பிதுங்கி, துவாரத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்து என் கையில் வைத்தார். ஒரு பட்டாணி அளவு.

"டர்போவுக்கு ஒயில் மேலால பிரஷரில வரும் தம்பி, கீழால தானாத்தான் இறங்கோணும். பம்ப் ஒண்டும் இழுக்காது. இறங்க வழியில்லாட்டி சீலால சைலன்சருக்குத்தான் போகும்" என்றார்.

இந்த டர்போவில் இருப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் போன்ற வளையம். உள்ளே ஒயில் நிறைந்து நின்றால் அதைத் தடுக்க அதனால் முடியாது. ஆகவே லைன் அகலமாக, வளைவில்லாமல், முழுக்கக் கீழ்நோக்கிச் சரிந்து, ஒயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். நானா சம்ப்பைக் கழற்றி, பழைய துளையை அடைத்து, மேலே புதிதாக ஒன்று வெல்ட் பண்ணி, இரும்புக் குழாய் போட்டுத் தந்தார். ஒரு நாள் வேலை. வாங்கிய கூலியைச் சொன்னால் அந்த கராஜ் வெட்கப்பட வேண்டும்.

எஞ்சினின் அடிப்பகுதியில் (கிராங்க்கேஸ்) சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் அவர்தான் பார்க்கச் சொன்னார். டர்போ இல்லாத எஞ்சினில் அது இன்டேக் மெனிபோல்ட்டோடு இணைந்திருக்கிறது. டர்போ அழுத்தும்போது வால்வு சரியாக மூடாவிட்டால் காற்று கிராங்க்கேஸுக்குள் இறங்கும். அங்கே அழுத்தம் ஏறினால் ரிட்டர்ன் லைன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒயில் இறங்காது. காற்று ஒரு பக்கம் மட்டும்தான் போக வேண்டும், என்னுடையதில் இரண்டு பக்கமும் ஊதலாம். புதிதாகப் போட்டேன்.

நொக்கிங், அதாவது பெற்றோல் கட்டுப்பாடில்லாமல் வெடித்து எஞ்சினைத் தட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். என் எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் 9.6, டர்போவோடு வந்ததில் 8.2. அந்த இசியு 8.2க்கு எழுதப்பட்டது. அதை அப்படியே போட்டு ஒக்டேன் 92 அடித்துக்கொண்டு கடுகண்ணாவை ஏற்றத்தில் மிதித்தால் பிஸ்டன் மிஞ்சாது. நான் 95 தவிர வேறு அடிப்பதில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி தீப்பொறி விழும் டைமிங்கை 4 பாகை பின்னுக்கு வைத்தேன். டர்போ தரும் அழுத்தமான பூஸ்ட் 0.4 பாருக்கு மேல் போகவிடுவதில்லை. பிளக் ஒரு படி குளிரானது, இடைவெளி 0.8 மில்லிமீற்றர். பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டுக்குப் போகும் சின்ன ஹோஸுக்குக் கட்டாயம் கிளிப் போடுங்கள். அது கழன்றால் பூஸ்ட்டைத் தடுக்க எதுவும் இல்லை. பூஸ்ட் மீட்டரும், காற்று-பெற்றோல் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டரும் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

டர்போ போட்டதைக் காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவித்துவிட்டேன். ஒரு கடிதம், இரண்டு படம், வேலை முடிந்தது.

திங்கட்கிழமை காலையில் மறுபடி புகைப் பரிசோதனைக்குப் போனேன். எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுற்று வரை ஏற்றிப் பிடித்தபோது என் கண் திரையில் இல்லை, சைலன்சர் வாயில்தான் இருந்தது. ஒன்றும் வரவில்லை. பாஸ். பின்னேரமே அனுமதிப்பத்திரம் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினேன்.

முதல் டர்போவை நானா கழுவிப் பார்த்தார், அதில் ஒரு பழுதும் இல்லை. வண்டியில் இப்போது ஓடுவது அதுதான். 85,000 ரூபாய்க்கு வாங்கிய மற்றது பெட்டியில் இருக்கிறது, அதுவும் நல்ல சாமான். வேண்டுமென்றால் ஷாஃப்ட்டை ஆட்டிப் பார்த்தே வாங்கலாம்.