ஷூ கம்பெனியில் பிடிபட்ட ஸ்பானிஷ் வினைகள்

காட்பாடியில் வீடு, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை. எங்களிடம் வாங்குபவர்களில் சிலர் ஸ்பெயினின் எல்தா, எல்ச்சே ஊர்க்காரர்கள். அலிகாந்தே மாகாணத்தில் இருக்கும் அவையும் ஆம்பூர் போலவே காலணிக்குப் பேர்போன ஊர்கள். அவர்களோடு அவர்கள் மொழியிலேயே பேச ஆசைப்பட்டு ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்தேன்.

எண்களும் வணக்கம் சொல்வதும் சீக்கிரம் வந்துவிட்டன. நிகழ்கால வினையில்தான் நின்று படிக்க வேண்டியிருந்தது. ஸ்பானிஷ் வினையின் மூல வடிவம் ஆர், ஏர், ஈர் என்று முடியும். அதை எடுத்துவிட்டு, செய்பவருக்கேற்ற விகுதியைச் சேர்க்க வேண்டும். பாடப்புத்தகம் இதை ஆங்கிலம் வழியாகப் பக்கம் பக்கமாக விளக்கியது. நமக்கு அது தேவையே இல்லை. ‘வெட்டுகிறேன்’ என்றாலே நான், ‘வெட்டுகிறோம்’ என்றாலே நாங்கள். ஸ்பானிஷிலும் அப்படித்தான், ‘நான்’ என்று தனியாகச் சொல்லாமலே பேசுகிறார்கள். நோட்டில் ஆங்கிலத்தை அடித்துவிட்டுத் தமிழை எழுதிக்கொண்ட பிறகு மளமளவென்று நகர்ந்தது.

வினைகளையும் கம்பெனிக்குள்ளிருந்தே எடுத்தேன்: கொர்த்தார் என்றால் வெட்டுவது, கொஸேர் தைப்பது, எஸ்கிரிபீர் எழுதுவது. மூன்றும் நிகழ்காலத்தில் விதி மாறாத ஒழுங்கானவை. நான், நீ, அவர், நாங்கள், நீங்கள் எல்லாரும், அவர்கள் என்ற வரிசையில் கொர்த்தோ, கொர்த்தாஸ், கொர்த்தா, கொர்த்தாமோஸ், கொர்த்தாய்ஸ், கொர்த்தான் என்று முதல் வகை போகும். ஏர், ஈர் வகைகளுக்குள் ‘நாங்கள்’, ‘நீங்கள் எல்லாரும்’ இரண்டில் மட்டுமே வித்தியாசம்: கொஸேமோஸ், எஸ்கிரிபீமோஸ், கொஸேய்ஸ், எஸ்கிரிபீஸ். ரயிலில் லத்தேரி தாண்டும்வரை ஒரு வினை, குடியாத்தம்வரை அடுத்தது என்று முணுமுணுத்துக்கொண்டே போவேன்.

தமிழ்க் காதுக்கு உண்மையான சிக்கல் கடைசி வடிவத்தில் இருக்கிறது. ‘கொர்த்தான்’ என்றால் யாரோ ஒருவன் என்று படும், ‘கோஸேன்’ என்றால் நான் என்று படும். இரண்டுமே ‘அவர்கள்’! அட்டவணையை எத்தனை முறை எழுதினாலும் இது போகாது, ஆட்களைப் பார்த்துச் சொன்னால்தான் போகும். தையல் பிரிவில் வரிசையாக உட்கார்ந்து பெண்கள் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைப்பார்கள். ஒரு அக்காவை மட்டும் பார்த்தால் ‘கோஸே’, வரிசை முழுவதையும் பார்த்தால் ‘கோஸேன்’. ஆணா பெண்ணா என்ற பேதமும் வினையில் கிடையாது.

மரியாதையும் கவனிக்க வேண்டியது. ‘உஸ்தெத்’ என்று மரியாதையாக அழைத்தால், நம் ‘நீங்கள்’ போலப் பன்மை வராது, ‘அவர்’ வடிவம்தான்: உஸ்தெத் எஸ்கிரீபே.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று. ‘நாளைக்கு எழுதுறேன்’ என்று நாம் நிகழ்காலத்திலேயே சொல்கிறோம் இல்லையா? ‘மன்யானா எஸ்கிரீபோ’ என்று அவர்களும் சொல்கிறார்கள். எதிர்காலப் பாடத்துக்குக் காத்திருக்காமல், சாம்பிள் பற்றிய மெயிலை நாளைக்கு எழுதுகிறேன் என்று போனில் அப்படியே சொல்லிவிட்டேன்.