"62-ல உங்கப்பா எங்க இருந்தார்?"

நேற்று மதியம் தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு அப்பாவின் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு 74 வயது, இதுதான் முதல் பாஸ்போர்ட். பக்கத்து வீட்டுப் பையனுக்கு மூன்று வாரத்தில் வந்தது, எங்களுக்கு ஏழு மாதம். அத்தனை மாதமும் ஒரே கேள்விக்காகத்தான் போனது: இவர் இந்தியக் குடிமகன்தானா? அரை நூற்றாண்டாகக் கடலூரில் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிற மனுஷனைப் பார்த்து இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால் கொஞ்சம் புலம்பலும் இருக்கும். 1962-க்கு முன் பாண்டிச்சேரியில் பிறந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள், ஒரு நாள் உதவும்.

அப்பா 1951-ல் பாண்டிச்சேரி முதலியார்பேட்டையில் பிறந்தவர். தாத்தாவுக்கு அங்கேயே ரோடியர் மில்லில் தறி வேலை. அப்பாவுக்கு 1973-ல் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை கிடைத்தது, அப்போது கடலூர் வந்தவர் திருப்பாப்புலியூரிலேயே வீட்டைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். பெரியப்பா அதற்கு முன்பே, 1959-ல், 18 வயதில் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாயாக, கப்பலேறிவிட்டார். பிரான்சிலேயே கல்யாணம், குடும்பம். இப்போது அவருக்கு உடம்பு முடியவில்லை. "ஒரு தடவை வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போடா" என்று போனில் அழுதார். அதற்காகத்தான் இந்தப் பாஸ்போர்ட்.

விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பியது நான்தான். மூத்த குடிமக்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி, 1500-க்கு 1350 ரூபாய் கட்டினேன். அதில் 'இந்தியக் குடியுரிமை எப்படி வந்தது' என்று ஒரு கட்டம் வரும். பிறப்பால், வம்சாவளியால், பதிவு அல்லது இயல்புரிமையால், அவ்வளவுதான் வழி. யோசிக்காமல் 'பிறப்பால்' என்று அமுக்கினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பாஸ்போர்ட் சேவை மையத்தில், முதல் கவுண்டரில் புகைப்படம், கைரேகை எல்லாம் பத்து நிமிடம். இரண்டாவது கவுண்டரில் இருந்தவர் அப்பாவின் பிறப்புப் பதிவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரெஞ்சில் இருக்கும், தேதியைக்கூட எண்ணில் போடாமல் எழுத்தில் நீட்டி எழுதியிருப்பார்கள். மொழிபெயர்ப்பும் வைத்திருந்தோம். "சார், 1951-ல பாண்டிச்சேரி இந்தியாவே இல்லையே, பிறப்பாலன்னு எப்படிப் போட்டீங்க?" என்றார். நியாயமான கேள்வி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்து ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், "டொமிசைல் ப்ரூஃப் கொண்டு வாங்க", அதுதான் எங்களை நான்கு மாதம் அலையவிட்டது. என்ன டொமிசைல், யாருடையது, எந்த வருடத்தது என்று கேட்டேன். "டொமிசைல்னா டொமிசைல்தான் சார், இ-சேவையில கேளுங்க." எழுதியும் கொடுக்கவில்லை. இப்போது சொல்கிறேன், வாய்வார்த்தையாக எதைக் கேட்டாலும் எழுந்து வராதீர்கள், ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்குங்கள்.

இ-சேவையில் முதலில் பிறப்பிடச் சான்றிதழுக்குப் போட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டில் பிறக்கவில்லை என்று அது நிராகரிப்பு. அப்புறம் இன்னொரு 60 ரூபாய் கட்டி இருப்பிடச் சான்றிதழ், வி.ஏ.ஓ. வந்து பார்த்து, அதுவும் கைக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு இரண்டாம் முறை போனால், அதே ஆள். "இவரு இப்போ கடலூர்ல குடியிருக்கார்னுதானே இதுல இருக்கு, நான் கேட்டது டொமிசைல்." பக்கத்து இருக்கைக்காரர் தன் பங்குக்கு, "அரசியல் சட்டம் ஆர்ட்டிகிள் அஞ்சு சார், 1950 ஜனவரி 26-ல இந்தியாவுல டொமிசைல் இருந்திருக்கணும், இவருக்கு அப்போ பிறப்பே இல்லையே" என்றார். அப்பாவுக்கு முகம் சுண்டிப் போனது. வரும் வழியில் பேருந்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. கன்னியக்கோவில் தாண்டும்போது மட்டும், "நான் எந்த ஊர்க்காரன்னுதான் கேக்கறாங்களா?" என்றார்.

சரி, பாண்டிச்சேரியிலேயே ஒரு டொமிசைல் சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று அங்கே ஒரு வருவாய் அலுவலகத்துக்கும் போனோம். "ஐந்து வருஷமா இங்கே குடியிருக்கணும், நீங்க தமிழ்நாட்டு ஆளுங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதிரே ஜெராக்ஸ் கடையில் 'குடியுரிமைச் சான்று இங்கே பெற்றுத் தரப்படும்' என்று பலகை. நம் ஆட்கள் குடியிருப்புச் சான்றையே குடியுரிமைச் சான்று என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். 'சார், மூவாயிரம் கொடுங்க, தாத்தா காலத்துலேர்ந்தே எழுதி வாங்கிடலாம்' என்றான் கடைப் பையன். கும்பிடு போட்டுவிட்டு வந்தோம். வெயிலில் 74 வயது மனுஷனை இழுத்துக்கொண்டு மொத்தம் ஆறு முறை போய்வந்திருக்கிறேன், அதில் நான்கு வீண்.

கடைசியில் உதவியது மஞ்சக்குப்பத்தில் இருக்கும் வக்கீல் அண்ணன் ஒருவர். பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்று வகுப்பு மேலே படித்தவர், காசு வாங்கவில்லை, ஒரு மாலை முழுக்க உட்கார வைத்து விளக்கினார். "டேய், கவுண்டர்ல டொமிசைல்னு சொல்றது இப்போ இருக்கற அட்ரஸ். சட்டத்துல டொமிசைல்னா ஒரு நாட்டைத் தன் நிரந்தர வாழிடமா வச்சிருக்கறது. அங்கே குடியிருக்கணும், இங்கேயே இருந்துடறதுங்கற எண்ணமும் இருக்கணும், ரெண்டும் சேரணும்." அப்பா ஐம்பது வருடமாகக் கடலூரில் இருப்பது இதில் ஏதாவது சிக்கலா என்று கேட்டேன். சிரித்தார். இந்தியாவில் தமிழ்நாட்டு டொமிசைல், பாண்டிச்சேரி டொமிசைல் என்று தனித்தனியாகக் கிடையாதாம், இந்தியா என்ற ஒரே டொமிசைல்தான், 1984-ல் பிரதீப் ஜெயின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, 2025 ஜனவரியில் முதுநிலை மருத்துவ இடங்கள் பற்றிய தீர்ப்பிலும் அதையே திரும்பச் சொன்னது. மாநிலங்கள் கொடுப்பதெல்லாம் குடியிருப்புச் சான்று, பெயர்தான் அப்படிப் பழகிவிட்டது.

அரசியல் சட்டத்தின் அந்த ஐந்தாம் பிரிவு எங்களுக்கு ஏன் பொருந்தாது என்றும் அவர்தான் சொன்னார். அது 1950-ல் இந்தியாவாக இருந்த இடங்களுக்கு. பாண்டிச்சேரிக்குத் தனிக் கதை. 1954 நவம்பர் 1-ல் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்கு நிர்வாகம் மட்டும்தான் கைமாறியது. 1956 மே 28-ல் ஊரையே ஒப்படைக்கும் ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் இடையே கையெழுத்தானது, பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தருவதற்குள் 1962 ஆகிவிட்டது, ஆகஸ்ட் 16-ல்தான் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. நடுவில் அந்த எட்டு வருடமும் எங்கள் தாத்தா, பாட்டி, அப்பா எல்லோரும் இந்திய நிர்வாகத்தின் கீழ் குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள். இது அப்பாவுக்கே புதுச் செய்தி.

அந்த ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவைத்தான் அண்ணன் எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். அந்த மண்ணில் பிறந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்று அங்கேயே டொமிசைல் உள்ள பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆகிவிடுவார்கள். வேண்டாம் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டு பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம், அது ஐந்தாவது பிரிவு. அங்கே பிறந்து வெளிநாட்டில் டொமிசைல் உள்ளவர்கள் பிரெஞ்சாகவே தொடர்வார்கள், இந்தியராக வேண்டுமென்றால் அவர்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும், இது ஏழாவது. எங்கள் வீட்டுக் கதை அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெரியப்பாவும் கையெழுத்துப் போடவில்லை, தாத்தாவும் போடவில்லை. அன்று பெரியப்பா பிரான்சில் குடியிருந்தார், தாத்தா முதலியார்பேட்டையில் இருந்தார், அதனால் அவர் பிரெஞ்சு, இவர் இந்தியர். கையெழுத்துப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பாரிசில் இருக்கிறார்கள், எங்கள் தாத்தா ஏன் போடவில்லை என்று வீட்டில் கல்யாணத்துக்குக் கல்யாணம் சண்டை நடக்கும், அதை விடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவரிடம் காகிதம் இருக்கும். போடாமல் தானாக இந்தியரானவருக்கு யாரும் எதையும் தரவில்லை. அப்படியானால் எதைக் காட்டுவது? அண்ணன் சொன்னதுதான் இந்த ஏழு மாதத்தில் நான் கற்ற ஒரே உருப்படியான விஷயம்: அன்று அப்பாவுக்கு 11 வயது, சின்னப் பிள்ளையின் டொமிசைல் தகப்பனுடையதோடு போகும், 18 வயதுக்குக் கீழே கல்யாணமாகாத பிள்ளைகளின் குடியுரிமையையும் ஒப்பந்தப்படி தகப்பன்தான் முடிவு செய்வார், எனவே அப்பா காகிதத்தைத் தேடியது போதும், தாத்தா காகிதத்தைத் தேடு. அப்பாவிடம் அவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, 62-ல் உங்கப்பா, அதாவது என் தாத்தா, எங்கே இருந்தார் என்பதுதான்.

தேடினோம். எங்கள் வீட்டில் இருந்த பழைய காகிதம் எல்லாம் 2011 டிசம்பரில் 'தானே' புயல் அடித்த அன்று ஓடு பறந்து ஊறிப்போனது. முதலியார்பேட்டை அத்தை வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி, அதில் தாத்தாவின் மில் பணிச் சான்று, 1948-லிருந்து 1971 வரை, நடுவில் இடைவெளியே இல்லை. அத்தை அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த உறையோடு கொடுத்தார். அப்பா படித்த ஆரம்பப் பள்ளிக்கு இரண்டு நடை. முதல் நாள் சாவி வைத்திருந்த எழுத்தர் விடுப்பு, இரண்டாம் நாள் இருந்தார், ஆனால் "அவ்ளோ பழசு கரையான் அரிச்சிருக்கும் சார்" என்று எழுந்திருக்கவே மனமில்லை. அப்பாவே உள்ளே போய்த் தேடினார். தன் பெயரைத் தானே கண்டுபிடித்தார், 1962-ல் ஐந்தாம் வகுப்பு, தகப்பன் பெயர், முதலியார்பேட்டை விலாசம். நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து நாளாகிறது.

இன்னொரு தலைவலி பெயர் எழுத்து. பிரெஞ்சுப் பதிவில் 'மு' என்பதை எம்-ஓ-யு என்று எழுதுவார்கள், ஆதாரில் எம்-யு. இரண்டும் ஒரே ஆள் என்று ஒரு பிரமாணப் பத்திரம் தேவைப்பட்டது. இது முன்பே தெரிந்தால் முதல் நாளே எடுத்து வைத்துவிடுங்கள்.

மூன்றாவது முறை போனபோது எல்லாவற்றையும் வருட வரிசையில் கோத்து, மேலே ஒரு பக்கக் கடிதம் வைத்தேன். அதில் 1955 குடியுரிமைச் சட்டத்தின் ஏழாவது பிரிவு (புதிதாக இந்தியாவோடு சேரும் பகுதியில் யார் யார் குடிமக்கள் என்று மத்திய அரசு ஆணை போடலாம் என்பது), அதன்படி வந்த 1962 குடியுரிமை (பாண்டிச்சேரி) ஆணை, தாத்தா அன்று எங்கே இருந்தார், அவர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கவில்லை என்ற உறுதிமொழி, நான்கே பத்தி. அதே இரண்டாவது கவுண்டர் ஆள் மறுபடியும், "டொமிசைல் சர்ட்டிபிகேட் எங்க?" என்றார். நான் இந்த முறை எழவில்லை, "மேலதிகாரியைப் பார்க்கணும்" என்றேன். மூன்றாவது கவுண்டரில் ஒரு அம்மா. கடிதத்தைப் படித்தார், மில் சான்றைப் பார்த்தார், "ரோடியர் மில்லா?" என்று கேட்டுவிட்டு ஏதோ குறிப்பு எழுதினார். மொத்தம் ஐந்து நிமிடம். 'பிறப்பால்' என்று இருந்ததை அவர் மாற்றக்கூட இல்லை, 'அதுல நாலாவது வழியே இல்லையே, நீங்க என்ன பண்ணுவீங்க' என்றார். அவர் மட்டும் முதல் நாளே கிடைத்திருந்தால்! போலீஸ் விசாரணை ஒரே நாளில் முடிந்தது.

பாஸ்போர்ட் வந்த கையோடு இன்று காலை விசா படிவத்தைத் திறந்தோம். முதல் பக்கத்திலேயே 'தற்போதைய குடியுரிமை' என்று ஒரு கட்டம். அதை ஒட்டி இன்னொன்று: 'பிறந்தபோது இருந்த குடியுரிமை, வேறாக இருந்தால்'. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "இங்க பிரெஞ்சுன்னுதானே போடணும்?" என்றார். ஆமாம் என்றேன். "இதுக்கு ஏதாவது சர்ட்டிபிகேட் கேப்பாங்களா?"