விண்வெளிக்குப் போய் வந்த தக்காளி விதைகளும் எங்கள் மூன்றாம் வகுப்பும்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். ஒன்ராறியோவில் அந்த வகுப்புக்குச் செடிகளின் வளர்ச்சி பாடத்திட்டத்திலேயே இருப்பதால் டொமாட்டோஸ்ஃபியருக்குப் பதிந்தேன். 2001இலிருந்து கனடாவில் நடக்கிற திட்டம், இலவசம். தபாலில் இரண்டு உறைகளில் தக்காளி விதை வரும், ஒன்று சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய் வந்தது, மற்றது பூமியிலேயே இருந்தது. எது எதென்று சொல்ல மாட்டார்கள். உறையில் ஓர் எழுத்து மட்டும்தான், முளைத்த கணக்கை இணையத்தில் ஏற்றிய பிறகே விடை.

பிள்ளைகள் அதுவரை பொறுப்பார்களா? மணந்து பார்த்தார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள், ஒருத்தி "இதுதான் ரீச்சர், கொஞ்சம் பயந்த மாதிரி இருக்கு" என்றாள்.

மினக்கெட்டதெல்லாம் இரண்டையும் ஒரே மாதிரிக் கவனிக்கத்தான். யன்னலுக்குக் கீழே ஹீட்டர், பக்கத்தில் இருக்கும் தட்டுக்குச் சூடு கூட, தக்காளியோ 21 முதல் 27 பாகை வரை இருந்தால்தான் ஒழுங்காக முளைக்கும், அதனால் ஒவ்வொரு தட்டிலும் பாதிக்குப் பாதி இரண்டு விதையையும் போட்டுத் தினமும் திருப்பி வைத்தோம். தண்ணீர் கரண்டியால் அளந்துதான், ஏனென்றால் 'விண்வெளி விதை' என்று தாங்களே முடிவுகட்டியதற்குப் பிள்ளைகள் ஒளித்து இரண்டு கரண்டி கூட ஊற்றினார்கள். அப்புறம் எதை முளைத்ததாக எண்ணுவது என்று பெரிய சண்டை. மண்ணுக்கு மேலே பச்சை தெரிந்தால் போதும், இலை விரிய வேண்டியதில்லை என்று கை தூக்க வைத்து முடிவெடுத்தோம். இதை விதைக்கும் முன்பே பேசி எழுதிவைப்பது நல்லது.

ஒரு தாய், இந்தக் கன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பழத்தைச் சாப்பிடலாமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். 1984இல் நாசா 1 கோடியே 25 லட்சம் தக்காளி விதைகளைச் செயற்கைக்கோளில் அனுப்பி, ஓராண்டளவில் எடுக்க நினைத்து, சாலஞ்சர் விண்கல விபத்தும் குறுக்கிட்டதில் 1990இல்தான் எடுத்து மாணவர்களுக்குக் கொடுத்தபோதும் இதே பயம் கிளம்பியது. விண்வெளிக் கதிர்வீச்சு விதையின் மரபணுவைச் சேதப்படுத்தலாம், ஆனால் அதனால் விதையே கதிர் வீசத் தொடங்காது என்று விளக்கினேன்.

கடைசியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் முளைத்தன. ராட்சதச் செடி எதிர்பார்த்தவர்களுக்கு முகம் தொங்கிவிட்டது. செவ்வாய்க் கிரகத்துக்குப் போய்ப் பயிர் வளர்க்கப் போகிறவர்களுக்கு வேண்டிய விடையே இதுதான், விதை பிழைத்து வந்திருக்கிறது என்றேன், பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள்.

செய்ய நினைப்பவர்கள் நேரத்தோடு பதியுங்கள். கன்றுகளை மே 24 விடுமுறைக்கு (விக்டோரியா தினம்) முன் பால்கனியில் வைக்காதீர்கள், இங்கே அதுவரை உறைபனியை நம்ப முடியாது.