மாடி ஹாலில் நாலு பார் லைட்: இதுவரை செய்து பார்த்தது

ஒத்திகை பார்க்கும் மாடி ஹாலிலேயே அடுத்த நாடகத்தைப் போடுவதாக எங்கள் குழுவில் முடிவானதும் லைட் பொறுப்பு என்னிடம் வந்தது. மேடை கிடையாது. தரையில் நடிப்பு, எதிரே நாற்காலி வரிசைகள், கூரை பதினோரு அடி. கையில் 54 பல்பு எல்இடி பார் லைட் (PAR, டப்பா வடிவ மேடை விளக்கு) நாலு, உயரமான ஸ்டாண்ட் இரண்டு, வாடகைக்கு எடுத்த 1000 வாட்ஸ் ஹாலஜன் பார் ஒன்று, ஒரு பழைய லேப்டாப்.

சின்ன ஹாலில் பார்வையாளர் பத்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார். நடிகரின் கண் தெரியாவிட்டால் மற்றதெல்லாம் வீண். அதனால் கலர், எஃபெக்ட் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முகத்தில்தான் ஆரம்பித்தேன்.

யேல் பல்கலைக்கழகத்தில் மேடை ஒளியமைப்பு கற்பித்த ஸ்டான்லி மெக்கேண்ட்லஸ் 1932-ல் எழுதி வைத்த முறை இன்றைக்கும் அடிப்படைப் பாடம். நடிகருக்கு முன்னால் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, இரண்டும் 45 டிகிரி தள்ளி, 45 டிகிரி மேலிருந்து. ஒன்று சற்று மஞ்சள் சாய்ந்தது, மற்றது சற்று நீலம் சாய்ந்தது. பெரிய அரங்கில் இது சுலபம். எங்கள் ஹாலில் விளக்கு பத்தடிக்கு மேல் ஏறாது, நடிகரின் கண் ஐந்தடியில். 45 டிகிரி வேண்டுமென்றால் விளக்கு ஐந்தடி தள்ளித்தான் நிற்க வேண்டும். வெளிச்சம் ஒரு ஆளுக்கு மேல் விழாது, ஸ்டாண்டும் நடிக்கிற இடத்துக்குள் வந்துவிடும். ஏழடி தள்ளி வைத்துப் பார்த்தேன், கோணம் சுமார் 35. புருவத்துக்குக் கீழே நிழல் லேசாக விழுகிறது, கண் பளிச்சென்று தெரிகிறது. இதையே வைத்துக்கொண்டோம்.

இதே கோணம் பின்சுவர் நிழலுக்கும் வழி சொன்னது. நடிகர் சுவரைவிட்டு நாலடி முன்னே நின்றால் தலையின் நிழல் சுவரில் மூன்றடிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அங்கே ஒரு பெஞ்சைப் போட்டோம், நிழல் கண்ணை உறுத்தவில்லை. சுவரிலிருந்து நாலடியில் தரையில் டேப் ஒட்டி, அதைத் தாண்டிப் பின்னால் போக வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

அடுத்தது தோல் நிறம். இதில்தான் அதிக நேரம் போனது, போகவும் வேண்டும். எல்இடியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் முழுசாக ஏற்றினால் வெள்ளை வருகிறது, ஆனால் நம் மாநிறத்தின் மேல் சாம்பல் பூசினது போல இருக்கிறது. பச்சையையும் நீலத்தையும் நன்றாக இறக்கி, வெள்ளை பல்பை முக்கால் அளவு வைத்து, சிவப்பைக் கொஞ்சம் சேர்த்ததும் கன்னத்தில் உயிர் வந்தது. பக்கத்தில் ஹாலஜனைப் போட்டு ஒப்பிட்டுக்கொண்டே போனால் கண் சீக்கிரம் பழகும். பல்புகள் தனித்தனியாக இருப்பதால் கையை நீட்டினால் நிழலின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் பிரிந்து தெரிகிறது; முகப்பில் டிரேசிங் பேப்பரை ஒட்டினால் போய்விடுகிறது. எல்இடிக்கு மட்டும்தான் இந்த வேலை. ஹாலஜன் முன்னால் காகிதம் வைத்தால் தீப்பிடிக்கும், அதற்கென்றே விற்கும் ஃப்ராஸ்ட் தாள்தான் போட வேண்டும்.

கன்ட்ரோலுக்கு லேப்டாப்பில் கியூஎல்சி பிளஸ், இலவச மென்பொருள். லேப்டாப்பின் யுஎஸ்பியிலிருந்து டிஎம்எக்ஸுக்கு, அதாவது விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் முறைக்கு, மாற்றித் தரும் கருவி ஒன்று வாங்கினேன். 1986-லிருந்து புழங்கும் முறை இது: ஒரு கேபிளில் 512 சேனல் (தனித்தனிக் கட்டளை வழி), ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை மதிப்பு. என் லைட் ஒவ்வொன்றும் எட்டு சேனல் எடுக்கிறது, ஆகவே முகவரி, அதாவது ஒவ்வொன்றும் தொடங்கும் சேனல் எண், 1, 9, 17, 25. கடைசி லைட்டின் வெளிச் சாக்கெட்டில் 120 ஓம் ரெசிஸ்டர் வைத்த பிளக் ஒன்றைச் செருகினேன். அது இல்லாமல் அவ்வப்போது வந்த துடிப்பு நின்றது.

நாடகத்தின் கடைசியில் பாட்டி தனியாக உட்கார்ந்திருக்க, வெளிச்சம் மெல்ல அடங்க வேண்டும். ஹாலஜன் அணையும்போது தானாகவே மஞ்சளாகி, சிவந்து, அப்புறம்தான் இருட்டாகும். எல்இடி அப்படியே வெளுப்பாக மங்கி, கடைசியில் சட்டென்று அறுந்துவிடும். அதனால் வெள்ளையை நாலு விநாடியிலும் சிவப்பை ஏழு விநாடியிலும் இறங்கும்படி பிரித்து வைத்தேன். அந்தக் கடைசி மூன்று விநாடியில் பாட்டியின் முகம் சிவந்து அடங்குவதைப் பார்த்து, வசனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த தம்பி புத்தகத்தை மூடி வைத்துவிட்டான்.

சீலிங் ஃபேனைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. விளக்குக்கும் நடிகருக்கும் நடுவே இறக்கை சுற்றினால் முகத்தில் நிழல் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டாண்டை முதல் வரிசை ஃபேனுக்கு இந்தப் பக்கம், நடிகர் பக்கமாகக் கொண்டுவந்ததும் தீர்ந்தது. முன்வரிசை ஃபேன் இரண்டையும் நிறுத்திப் பேசவைத்தபோது மைக்கே தேவைப்படவில்லை. காட்சி நடக்கும்போது அவற்றை நிறுத்திவைத்து, இடைவேளையில் போட்டுவிடலாம் என்று முடிவு.

ஆக, சவுண்ட் என்றால் பதிவு செய்த மழைச் சத்தமும் ரயில் சத்தமும்தான். ஸ்பீக்கரைக் கூட்டத்தின் முன்னால் வைக்காமல் பின்சுவருக்கு அருகே ஜன்னல் இருக்கும் பக்கம் வைத்தேன், மழை வெளியிலிருந்து கேட்கிறது. ஹாலஜன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரும் சவுண்ட் மிக்ஸரும் ஒரே கரண்ட் லைனில் இருந்தபோது ஸ்பீக்கரில் இரைச்சல். மிக்ஸருக்குத் தனி லைன் எடுத்ததும் குறைந்தது. ஹாலஜன் 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதைப் பெரிய 16 ஆம்பியர் சாக்கெட்டில் மட்டும் மாட்டுகிறேன். ஸ்டாண்ட் காலில் மணல் மூட்டை, லைட்டுக்குப் பாதுகாப்புச் சங்கிலி, தரையில் ஓடும் வயர் மேல் டேப். குழந்தைகள் முன்வரிசையில் உட்காரும் ஹால் இது, இவை இல்லாமல் ஸ்விட்ச் போட மாட்டேன்.

பாக்கி இருப்பது பாட்டியின் கையில் இருக்கும் அரிக்கேன். உள்ளே பேட்டரியில் எரியும் மஞ்சள் எல்இடி வைக்கலாம். ஆனால் அவர் நடக்கும்போது அந்த வெளிச்சம் முகத்தில் விழுவதாகத் தெரிய, பார் லைட் ஒன்றும் கூடவே ஏறி இறங்க வேண்டும். அடுத்த ஒத்திகையில் அந்த நடையை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கப் போகிறோம்.