எல்ஜி வந்துச்சா?

அம்மா லண்டன் வந்து இறங்கிய மூன்றாம் நாள். ஈஸ்ட் ஹாம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சால்டரிங் அயர்னும் அலுமினிய டப்பாவுமாக உட்கார்ந்திருந்தேன். "என்னடா தம்பி செய்யற?" என்றாள். வாயில் வந்தது "டார்ச் லைட்டும்மா". அந்த ஒரு பொய் அடுத்த நாலு மாதமும் என்னைப் படுத்திய பாட்டைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அது டார்ச் இல்லை, வேப். எலக்ட்ரானிக் சிகரெட். 15 வருஷமாக நான் சிகரெட் பிடிப்பது அம்மாவுக்குத் தெரியாது (என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்). விடச் சொல்லி மனைவி கெடு வைத்திருந்தாள். சிகரெட்டை விடுகிறவர்கள் 10 லட்சம் பேருக்கு வேப் கிட் தருகிறோம் என்று 2023இல் அரசாங்கமே திட்டம் அறிவித்த ஊர் இது. இந்தியாவிலோ 2019லேயே சட்டம் போட்டு மொத்தமாகத் தடை செய்துவிட்டார்கள். மதுரைப் பக்கம் இதை எடுத்துக்கொண்டு போகவே முடியாது. இங்கே கடைக்குப் போனால் ரெடிமேடாகக் கிடைக்கும். ஆனால் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவனுக்குக் கடையில் வாங்க மனசு வருமா? பெட்டி, கண்ட்ரோல் போர்டு, பட்டன், மேலே அட்டாமைசரை (லிக்விடைச் சூடாக்கி ஆவியாக்கும் தலைப்பகுதி) திருகி மாட்ட 510 கனெக்டர், எல்லாம் வாங்கி இரண்டு வார இறுதியில் பூட்டிவிட்டேன். பாக்கி பேட்டரி மட்டும். மண்டபம் பிடித்து, சமையலுக்கும் சொல்லிவிட்டு, மாப்பிள்ளை தேடக் கிளம்பிய கதைதான்.

போர்டுக்கு வேண்டியது 18650 செல். பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது: விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65, கடைசிச் சுழி உருளை வடிவம் என்பதற்கு. ஆன்லைனில் தேடினால் 9900 எம்ஏஎச் (செல்லுக்குள் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற கணக்கு) என்று எழுதிய செல், நாலு வாங்கினால் ஏழு பவுண்டு, கூடவே சார்ஜர் இலவசம். நல்ல கம்பெனிகளே இந்த அளவில் 3500 பக்கம் தம் கட்டிக்கொண்டிருக்கும்போது 9900 எப்படி வரும் என்று படித்தவன் யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. இலவச சார்ஜர் கண்ணை மறைத்துவிட்டது.

பார்சல் வந்தது. அம்மா ஒரு செல்லைக் கையில் எடுத்தாள். கத்திரிக்காயைப் பார்ப்பது மாதிரி உள்ளங்கையில் ரெண்டு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணும் இல்லடா" என்றாள்.

"அது லித்தியம்மா, லேசாத்தான் இருக்கும்."

"லேசா இருக்கட்டும். காலியால்ல இருக்கு."

மாவு நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். 27 கிராம். நல்ல 18650 என்றால் 45 பக்கம் இருக்கும். இப்படிப்பட்ட போலிகளுக்குள் சின்னதாக ஒரு செல்லை வைத்து, மிச்சத்துக்கு ஏதோ ஒரு தூளை அடைத்து மூடுகிற ஆட்களும் உண்டு. முழுசாகச் சார்ஜ் ஏற்றி இறக்கி அளந்ததில் வந்தது 740. நான் தேங்காய்க்குக் காசு கொடுத்துக் கொட்டாங்கச்சி வாங்கியிருந்தேன். இலவச சார்ஜர் பத்தே நிமிஷத்தில் கருகல் வாடை அடித்ததால் அதையும் சேர்த்து, குப்பையில் போடாமல், சூப்பர் மார்க்கெட்டில் பேட்டரி போட வைத்திருக்கும் பெட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அதற்கப்புறம்தான் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். முதலில் செய்திருக்க வேண்டியது. வேப் விஷயத்தில் எத்தனை எம்ஏஎச் என்பது எத்தனை மணி நேரம் வரும் என்பதற்குத்தான். உயிர்க் கணக்கு ஆம்பியரில் இருக்கிறது, அதாவது செல் அளவுக்கு மீறிச் சூடாகாமல் தொடர்ந்து எவ்வளவு கரண்ட் கொடுக்கும் என்பதில். வெறும் செல்லும் காயிலும் (லிக்விடைச் சூடாக்கும் கம்பிச் சுருள்) நேரே சேரும் மெக்கானிக்கல் வகை என்றால் ஓம் விதிதான்: 4.2 வோல்ட், 0.2 ஓம் காயில், 21 ஆம்பியர். நடுவில் தடுக்க ஆளே கிடையாது. கண்ட்ரோல் போர்டு இருந்தால் கணக்கு வேறு. போர்டு 40 வாட் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டால், செல் இளைத்து 3.2 வோல்ட்டுக்கு இறங்கினாலும் அதே 40 வாட்டைக் கறக்கும். போர்டே தின்பது ஒரு பத்து சதவீதம். ஆக சுமார் 14 ஆம்பியர். வருமானம் குறையக் குறைய அதிகமாகக் கைமாத்து வாங்கும் குடும்பம் அது. செல் தீரப்போகும் நேரத்தில்தான் அதன் கழுத்தில் கத்தி.

இரண்டு செல்லைப் பேரலலில், அதாவது பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்துப் போட்டால் ஆளுக்கு ஏழு என்று பாரம் பிரியும். ஆனால் ஒரு செல்லின் ஸ்பிரிங் தளர்ந்தால் 14ம் மற்றதன் தலையில் விழும். அதனால் ஒவ்வொன்றும் தனியாகவே தாங்க வேண்டும். பானாசோனிக் 18650பி 3400 எம்ஏஎச் என்று ஆசை காட்டும், தருவதோ 5 ஆம்பியர் பக்கம்தான். சாம்சங் 30க்யூ 3000க்கு 15 ஆம்பியர், விளிம்பில் நிற்கும். சாம்சங் 25ஆர் 2500தான், ஆனால் 20 ஆம்பியர். எல்ஜி எச்ஜி2 3000, அதுவும் 20 ஆம்பியர், பழுப்புத் தோல். இதைச் சாக்லேட் என்றே செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். எல்ஜி என்று முடிவு செய்தேன். இந்தக் கம்பெனிகள் எல்லாமே "இது பேட்டரி பேக் செய்கிறவர்களுக்கு, தனி செல்லாக வாங்கி வேப்பில் போடாதீர்கள்" என்றுதான் சொல்கின்றன. அதைப் படித்தேன், தலையை ஆட்டினேன், ஒரு ஜோடி ஆர்டர் செய்தேன்.

ரெண்டு நாள் கழித்து ஆபீசிலிருந்து வீட்டுக்குப் போன். அம்மாதான் எடுத்தாள்.

"அம்மா, எல்ஜி வந்துச்சா? ரெண்டு சொல்லியிருந்தேன்."

"எல்ஜியா? வரலையேடா."

"பிரவுன் கலர்ல இருக்கும். வந்தா எடுத்து வை."

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே வாசனை. பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு ஹை ஸ்ட்ரீட் போய், மேசை மேல் ஜம்மென்று இரண்டு எல்ஜி கூட்டுப் பெருங்காய டப்பா. "கட்டிதான் பிரவுனா இருக்கும், அது கிடைக்கலடா. பவுடர்தான் இருந்துச்சு" என்றாள், குறையாக. மனைவி அடுப்படிக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

நிஜ எல்ஜி மறுநாள் வந்தது. 47 கிராம். தராசைப் பார்த்து அம்மாவே தலையசைத்தாள். ஒரே நாளில் வாங்கிய ஜோடியைக் கடைசி வரை பிரிக்கக் கூடாது: சேர்ந்தே சார்ஜ், சேர்ந்தே செலவு. ஒன்று நிறைந்தும் ஒன்று காலியாகவும் இருக்கும்போது பேரலலில் மாட்டினால் நிறைந்தது காலியானதுக்குள் வெறியோடு பாயும். சார்ஜ் ஏற்றி மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் மேசை துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது.

"விருந்தாளி வர்ற நேரம், கண்டதும் கிடந்துச்சு. செல்லு ரெண்டையும் பத்திரமா வச்சிருக்கேன்" என்று இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள்.

கயிற்றை இழுத்துப் பிரித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. பவுண்டுக் காசுகள், வீட்டுச் சாவி, ஒரு வளையத்தில் கோத்த ஏழெட்டு ஊக்கு, திருநீற்றுப் பொட்டலம், பாக்கு. அவற்றுக்கு நடுவே முழு சார்ஜில் இரண்டு எச்ஜி2. இந்த செல்லில் நடு உச்சியில் இருக்கும் பொத்தான் மட்டும்தான் பிளஸ். மிச்ச உடம்பு முழுக்க, உச்சியின் விளிம்பு உட்பட, மைனஸ். இரண்டையும் பிரித்து வைத்திருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தோலும் ஒரு காகித வளையமும். அங்கே ஒரு சாவி குறுக்கே படுத்தால் போதும், செல் பழுத்து, பொங்கி, நெருப்பைக் கக்கும். அதுவும் அம்மாவின் இடுப்பில்.

இரண்டாவது செல்லின் தோளில் ஊக்கு கீறி, மூன்று மில்லிமீட்டர் நீளத்துக்குத் தோல் கிழிந்து வெள்ளியாகப் பளபளத்தது. "கை வைக்காதம்மா!" என்று கத்தினேன்.

"ரெண்டு செல்லுக்கா இந்தப் பாடு? நம்ம வீட்டு எவரெடி செல்ல வெயில்ல காய வச்சு, பல்லால கடிச்சு எல்லாம் போட்டிருக்கோம். உங்க அப்பா ரேடியோ ஒரு வாரம் கூடுதலாப் பாடும்."

அதுவும் உண்மைதான். அதை நான் எப்படி மறுப்பது? பழைய தோலை உரித்து, புது வளையம் வைத்து, சுருங்கும் பிளாஸ்டிக் உறையை மாட்டி, மனைவியின் ஹேர் டிரையரை எட்ட வைத்து ஊதினேன். சரசரவென்று சுருங்கிப் பிடித்துக்கொண்டது. இனிமேல் செல்லை உலோகம் எதுவும் இல்லாத பிளாஸ்டிக் டப்பாவில்தான் வைக்கணும் என்று வகுப்பு எடுத்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு பெருங்காய டப்பாவைக் காலி செய்து, கழுவி, துடைத்து, ஒரு நாள் முழுக்க ஜன்னலோரம் காய வைத்துக் கொடுத்தாள். செல் இரண்டும் நின்றவாக்கில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தன. எவ்வளவு கழுவியும் வாசனை போகவில்லை. பின்பக்கத் தோட்டத்தில் ஒளிந்து நின்று முதல் இழுப்பு இழுத்தபோது லிக்விட் பாட்டிலில் மாம்பழம் என்று போட்டிருந்தது. எனக்கு வந்தது மாங்காய் ஊறுகாய்.

டார்ச்சை மட்டும் அம்மா மறக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை, "முடிஞ்சுதா? எரிய விட்டுக் காட்டு". வேறு வழியில்லாமல் 3 வாட் எல்இடி, அதற்கு அளவாகக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் போர்டு, சுவிட்ச் வாங்கி, உண்மையிலேயே டார்ச் செய்தேன். அந்த ஜோடி செல்லில் ஆறு மணி நேரம் எரிந்தது. அம்மா அதைக் கையில் வாங்கினாள், கூரையில் அடித்துப் பார்த்தாள், "ஊர்ல கரண்டு போனா ஆகும்" என்று பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

செல்லைச் செக்இன் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான், அதுவும் டப்பாவில் என்று நூறு தடவை சொல்லி அனுப்பினேன். மதுரை போய்ச் சேர்ந்து போன் செய்தாள்.

"அந்தச் செக்கிங் பண்ற பையன் டப்பாவத் திறந்து மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். அப்புறம் செல்ல எடுத்து எடுத்துப் படிக்கிறான். டப்பா மேலயும் எல்ஜி, உள்ளயும் எல்ஜி, இதுல என்னப்பா சந்தேகம்னு கேட்டேன்."

"இங்கிலீஷ்லயா?"

"தமிழ்லதான். விட்டுட்டான்."

என் டப்பா இப்போது பேட்டரி இல்லாமல் அலமாரியில் கிடக்கிறது. புது ஜோடிக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை சாம்சங் 25ஆர். அந்தப் பெயரில் பெருங்காயம் கிடையாது.