வேலைப் பட்டியல் இல்லாத ஊழியம்

மருத்துவமனைக்குச் செவிலியர், பள்ளிக்கு ஆசிரியர் என்று பொறுப்பை வரையறுத்து அழைத்தால், வெளிநாட்டுக் கிறிஸ்தவ ஊழியத்துக்குப் போகிறவருக்குப் போய்ச் சேர்ந்த மறுநாளே வேலை காத்திருக்கும். எனக்கு வந்த அழைப்பு அப்படிப்பட்டதன்று. கம்போடியாவின் பட்டம்பாங் பகுதியிலுள்ள சிறு சபையொன்று, வந்து எங்களோடு இருங்கள் என்று மட்டுமே எழுதியிருந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற நான் அதை நம்பிப் புறப்பட்டேன்.

அங்கே முதலில் தெரிந்துகொண்டது சட்டத்தின் எல்லையை. பௌத்தம் அந்நாட்டின் அரச மதம். பிற மதத்தவர் வழிபடத் தடையில்லை என்றாலும், வீடு வீடாகச் சென்று மதம் பரப்புவதை 2007-இல் வெளியான அரசாணை தடைசெய்கிறது. ஆகவே, ஊழியம் என்றதும் நம்மூரில் நினைவுக்கு வரும் வீடு சந்திப்புக்கும் கைப்பிரதிக்கும் அங்கே இடமில்லை. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற தீவிரக் கம்யூனிஸ்டுகளின் ஆட்சியில் எல்லா வழிபாடும் ஒடுக்கப்பட்டு, நோம் பென் நகரின் கத்தோலிக்கப் பேராலயம் இடித்துத் தள்ளப்பட்ட நாடு அது. அக்காலத்தைக் கடந்துவந்த முதியவர்கள் அந்நியரிடம் அளந்தே பேசுவதில் எனக்கு வியப்பு தோன்றவில்லை.

பல மாதங்கள் கெமர் மொழி கற்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. காலையில் பாடம், பகலில் சந்தை, மாலையில் ஜெபம் என்று பொழுது போனது. இரவில்தான் எதற்காக வந்தோம் என்ற கேள்வி எழும். ஊரிலிருந்து பேசுகிறவர்களோ, "டீச்சரம்மா, இதுவரைக்கும் எத்தனை ஆத்துமாக்கள்?" என்று, மனம் மாறியவர்களின் கணக்கைக் கேட்பார்கள். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கும் தமிழ்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியவர்தானே என்று அவர்களுக்குப் பதில் சொல்வேன். எங்கள் கடலூரிலேயே 1740 முதல் ஊழியம் செய்த சுவீடன் நாட்டுக் கியர்நாண்டர், 1758-இல் ஊர் பிரெஞ்சுக்காரர் வசமானதும் அனைத்தையும் விட்டுவிட்டுக் கல்கத்தாவில் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. ஆனால் இந்த வரலாறெல்லாம் தொலைபேசியில் எடுபடாது.

ஆங்கில வகுப்பு தொடங்கலாமே என்று பலரும் யோசனை கூறினர். வகுப்பு நடத்துவது எனக்குக் கைவந்த வேலைதான். ஆயினும் நான் ஊர் திரும்பியதும் நின்றுபோகக்கூடிய ஒன்றைத் தொடங்க மனம் ஒப்பவில்லை. அதற்குப் பதிலாக, அச்சபையின் மூத்த பெண்மணி ஒருவர் நெடுநாளாகத் தனியே செய்துவந்த வேலையில் சேர்ந்துகொள்ள அனுமதி கேட்டேன். அந்நாட்டு அரசு மருத்துவமனைகளில் நோயாளிக்குச் சமைப்பதும் துணையிருப்பதும் பெரும்பாலும் உறவினர் பொறுப்பு; உறவினர் இல்லாதவர்களின் பாடு திண்டாட்டம். அத்தகையவர்களுக்கு அவர் அரிசிக் கஞ்சி காய்ச்சி எடுத்துச் செல்வார். தூக்குவாளியைச் சுமப்பது, முகம் துடைத்துவிடுவது, மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பது ஆகியவை என் பங்காயின. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கிய எனக்கு, இன்னொருவர் சொல்கிறபடி நடப்பது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நோயாளி தானாகக் கேட்டாலொழிய வார்டில் மதம் பேசக்கூடாது என்பது அந்தப் பெண்மணி வைத்திருந்த கண்டிப்பான விதி. கஞ்சி கொடுத்து ஆள் சேர்க்கிறார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதோடு, படுத்த படுக்கையாகக் கிடப்பவரால் எழுந்து போய்விட முடியாது என்பதும் அவர் சொன்ன காரணம். இதை ஊழியம் என்று சபைக்கு எப்படி எழுதுவதென்று தயங்கியிருந்த எனக்கு, வேதாகமத்தின் மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் பசித்தவருக்கு உணவளித்தலும் வியாதியஸ்தரை விசாரித்தலும் தனித்தனியே சொல்லப்பட்டிருக்க, மனம் மாறியவர்களின் எண்ணிக்கை அங்கே கேட்கப்படவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அதன்பின் ஊருக்கு எழுதிய ஜெபக் கடிதங்களில் எண்ணிக்கை எதையும் குறிப்பிடவில்லை. அந்த வாரம் என்ன செய்தோம் என்பதை மட்டும் எழுதினேன். காணிக்கை அனுப்பியவர்களில் சிலர் நிறுத்திக்கொண்டனர். வேறு சிலர், கஞ்சிக்கு அரிசி வாங்கவென்று குறிப்பிட்டுத் தனியாக அனுப்பத் தொடங்கினர்.